‘நிச்’ என்றால் சிறியது என்று பொருளா?

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்யும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இணையத்தில் சேர்ந்த வியாபார வகுப்பில் “உங்களுடைய நிச் (niche) என்ன?” என்று கேட்டார்களாம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் அவருடைய தம்பி, அது விலங்குகள் வாழும் விதத்தைக் குறிக்கிற சொல் என்கிறான். அகராதியைத் திறந்தால் சுவரில் இருக்கும் மாடம் என்று போட்டிருக்கிறது. எது சரி, எப்படி உச்சரிப்பது, தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று கேள்விகள். கடைசி வரியில் நாலாவதாக ஒன்றும் இருந்தது: “பாடசாலைச் சீருடையில் இருந்து சாறிச் சட்டை வரைக்கும் எல்லாம் தைக்கிற ஆள் நான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டுமா?” அவர் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று எனக்குப் படுகிறது. நிச் என்றால் சுருங்கிப்போவதா என்ற பயம் அதில் இருக்கிறது. சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்தால் அந்தப் பயத்துக்கும் பதில் கிடைக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்தவன். அப்புறம் நிறுவனங்களின் அறிக்கைகள், கைநூல்கள், விளம்பரங்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலைக்கு வந்தேன். இந்தச் சொல் இரண்டு வேலைகளிலும் கூடவே வந்தது. அதனால் உயிரியல் பகுதியை உறுதியாகச் சொல்வேன். சொல் வழக்கைப் பற்றியும் தயக்கமில்லாமல் சொல்லலாம். வியாபாரம் நான் செய்து பார்த்த தொழில் இல்லை. அந்தப் பகுதியைப் பார்த்தும் மொழிபெயர்த்தும் தெரிந்துகொண்ட ஒருவர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் போடுவது, விலை வைப்பது போன்றவற்றைத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்பதுதான் நல்லது.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். பிரித்தானிய ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலும் ‘நீஷ்’. அமெரிக்காவில் ‘நிச்’ அதிகம், ‘நீஷ்’ என்பவர்களும் உண்டு. ‘நிச்’ என்று சொன்னால் பிழை என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஆங்கில அகராதிகள் கொடுத்த உச்சரிப்பே அதுதான். ‘நீஷ்’ பரவலானது இருபதாம் நூற்றாண்டில். இரண்டும் சரி. தமிழில் இணையத்தில் ‘நிச்’ என்பதே அதிகம் கண்ணில் படுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் எழுதினால் போதும்.

அகராதி சொல்லும் சுவர்மாடம்தான் முதற்பொருள். சிலையோ சாடியோ விளக்கோ வைப்பதற்காகச் சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்து எடுத்த இடம். இந்தப் பொருளோடுதான் சொல் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முந்திய வரலாற்றில் இரண்டு கருத்து உண்டு. கூடு கட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, அந்த வினை இலத்தீனில் கூட்டைக் குறிக்கும் ‘நீடுஸ்’ வரை போகிறது என்பது ஒன்று. சிப்பியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே ‘நிச் என்றால் கூடு’ என்று அடித்துச் சொல்லும் காணொளிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாடம் நமக்குப் புதிதில்லை. விளக்குமாடம், மாடக்குழி என்று வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கும் இடத்தைச் சொல்லி வந்திருக்கிறோம். கோயிலில் இதற்குக் கோட்டம், கோஷ்டம் என்று பெயர். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது கருவறையின் வெளிச்சுவரைக் கொஞ்சம் நிதானமாகச் சுற்றி வாருங்கள். கிழக்கு பார்த்த சிவன் கோயில் என்றால் பொதுவாகத் தெற்கு மாடத்தில் தட்சிணாமூர்த்தி, பின்புறம் மேற்கில் லிங்கோற்பவர், வடக்கில் பிரமனும் துர்க்கையும் இருப்பார்கள். தட்சிணாமூர்த்தியைத் தூக்கி வடக்கு மாடத்தில் வைக்க முடியாது. அந்த மாடம் அந்த மூர்த்திக்கும் அந்தத் திசைக்கும் என்று அளந்து எடுத்தது. பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபும் கட்டடக்கலை மொழியில் ஒரு நிச்தான். அதையும் வேறு சுவருக்கு மாற்ற முடியாது.

அளவைக் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2001ல் தகர்க்கப்பட்ட புத்தர் சிலைகள் இரண்டும் மலைச்சுவரில் குடைந்த மாடங்களுக்குள்தான் நின்றன. பெரியது 55 மீற்றர், மற்றது 38 மீற்றர். சிலைகள் போன பிறகு அந்த வெறும் மாடங்கள் மலையில் அப்படியே நிற்கின்றன. அவற்றையும் இந்த ஒரே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். சிறியது என்ற கருத்து சொல்லின் வேரிலேயே இல்லை. உள்ளே இருப்பதும் அதைச் சுற்றி இருப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்துவதே அதில் இருக்கும் கருத்து.

சரி, தம்பியின் உயிரியலுக்கு வருவோம். இந்தச் சொல்லைச் சூழலியலுக்குள் நிலைநாட்டியவர் அமெரிக்கப் பறவையியலாளர் ஜோசப் கிரினெல். 1917ல் கலிபோர்னியாவின் திராஷர் என்ற பறவையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அது புதர்க்காட்டில் தரையோடு தரையாக ஓடித் திரியும் பறவை. இறக்கை சிறியது, கால்கள் பலமானவை, நிறம் புதரடி நிழலோடு கலந்துவிடும். பறவையின் உடம்பையும் பழக்கத்தையும் அந்தப் புதர்க்காட்டோடு சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும் என்று காட்டி, அந்தப் பொருத்தத்தை நிச் என்றார். பத்து வருடம் கழித்து, 1927ல், இங்கிலாந்தில் சார்ள்ஸ் எல்ட்டன் அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினார். ஒரு விலங்கு எங்கே இருக்கிறது என்பதைவிட என்ன செய்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்பதை அவர் முன்னே வைத்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் இந்த இரண்டு பார்வையும் கலந்தே கிடக்கின்றன. மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

குழப்பத்தைத் தீர்க்க நான் பிள்ளைகளுக்கு மீன்கொத்தியைத்தான் சொல்வேன். கொழும்பு 2018ல், ஈரநிலங்களைக் காக்கும் ரம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்ட நகரம். கோட்டேயில் இருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் காலையில் போய்ப் பலகைப் பாதையில் சத்தம் போடாமல் நில்லுங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு குச்சியில் குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீல முதுகோடு சிறு மீன்கொத்தி குந்தியிருக்கும். விரல் நீள மீனுக்கு மேல் அதற்கு வேண்டாம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வந்தால் குச்சியைத் தேடாது. நடுத்தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் இறக்கையடித்தபடி நின்று, அப்படியே தலைகீழாக விழும். மரநிழலின் உள்ளே சிவந்த பெரிய அலகோடு அசையாமல் இருப்பது பெரிய அலகு மீன்கொத்தி. அது பெரிய மீனும் நண்டும் பிடிக்கும். நம் வீட்டு மின்கம்பியில் வந்து குந்தும் வெண்தொண்டை மீன்கொத்திக்குத் தண்ணீரே அவ்வளவு முக்கியம் இல்லை. வெட்டுக்கிளி, ஓணான், பல்லி எதுவும் சரி. நாலும் மீன்கொத்திகள், ஒரே ஈரநிலம், ஆனால் நாலுக்கும் நிச் வேறு. இரவானால் அதே கரைக்கு மீன்பிடிப் பூனை வரும். நகரத்து ஈரநிலங்களில் அது இன்னும் வாழ்கிறது என்பது கொழும்புக்காரர் பலருக்குத் தெரியாது. மீன்கொத்தி தின்னும் மீனையே அதுவும் தின்றாலும் நேரம் வேறு, பிடிக்கும் விதம் வேறு.

வாழிடம் ஒருவரின் விலாசம், நிச் அவருடைய தொழில் என்று சூழலியல் நூல்களில் ஓர் உவமை உண்டு. ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது. தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு முக்கியமான பாதி தவறிப்போகும், அதுதான் போட்டி.

மொஸ்கோவில் கோஸ் என்ற இளம் ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியாத ஒருகல உயிரான பரமேசியத்தில் இரண்டு வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார். தனித்தனியாக வளர்த்தபோது இரண்டும் நன்றாகப் பெருகின. ஒரே உணவைக் கொடுத்து ஒரே குழாயில் விட்டபோது ஒன்று நிலைத்தது, மற்றது ஒழிந்துபோனது. தோற்ற அதே வகையை வேறொரு மூன்றாம் வகையோடு வளர்த்தபோது இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன. அந்த மூன்றாம் வகை குழாயின் அடியில் இருந்த உணவைத் தின்றது, மற்றது மேலே இருந்ததைத் தின்றது. ஒன்று ஒழிந்துபோன அந்த முதற் பரிசோதனை 1934ல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது. ஒரே வளத்தை ஒரே விதமாக நம்பியிருக்கும் இரண்டு இனங்கள், அந்த வளம் மட்டாக இருக்கும்போது நெடுங்காலம் சேர்ந்து வாழ முடியாது என்ற கொள்கைக்கு இன்று அவர் பெயர்தான்.

1957ல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் நிச்சைக் கணக்காக்கினார். வெப்பம், ஈரம், இரையின் அளவு என்று ஓர் உயிர் தாங்கும் எல்லையை ஒவ்வொரு காரணிக்கும் ஒவ்வோர் அச்சில் குறித்தால், எல்லா அச்சுகளும் சேர்ந்து அடைக்கும் வெளிதான் நிச். அவர் தந்த இன்னொரு பிரிவு இதைவிடப் பயனானது. போட்டியாளர் யாரும் இல்லாவிட்டால் ஓர் உயிர் எங்கெல்லாம் வாழக்கூடும் என்பது அடிப்படை நிச். போட்டியாளர் இருக்கும்போது உண்மையில் அது வாழ்வது நடைமுறை நிச். ஸ்கொட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் ஜோசப் கொனெல் செய்து 1961ல் வெளியிட்ட பரிசோதனை இதை நேரே காட்டியது. பாறையில் ஒட்டி வாழும் இரண்டு வகைக் கொட்டலசுகள். ஒரு வகை மேலே, மற்றது கீழே. கீழே இருந்ததை அவர் அகற்றிவிட்டபோது மேல்வகை கீழேயும் நன்றாக வாழ்ந்தது. அதற்குக் கீழே வாழத் தெரியாமல் இல்லை, மற்றது நெருக்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தது. இலங்கையிலிருந்தே உதாரணம் வேண்டும் என்றால் சிறுத்தை. இந்தியாவில் புலி இருக்கும் காடுகளில் சிறுத்தை ஒதுங்கி நடக்கும். இங்கே புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. யாலவில் பட்டப்பகலில் பாறை மேலும் பாதை நடுவிலும் அது படுத்திருப்பதற்கு இதுவே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். பொருத்தமான விளக்கம்தான். ஆனால் கொனெல் கொட்டலசை அகற்றிப் பார்த்தது போல இங்கே புலியை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் முன்னதை நிரூபணம் என்றும் இதை நல்ல விளக்கம் என்றும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிஞர்களிடையே இன்னும் முடியாத விவாதம் ஒன்றையும் சொல்லவேண்டும். யாரும் வாழாத ‘காலி நிச்’ என்று ஒன்று இருக்க முடியுமா? தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களையும் கால்வாய்களையும் மூடியதையும், அதைத் தடுக்க 1909லேயே இங்கே சட்டம் போட வேண்டிவந்ததையும் பார்த்தால், காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் அது வந்து உட்கார்ந்தது என்று சொல்லத் தோன்றும். நிச் என்பது ஓர் உயிருக்கும் சூழலுக்கும் இடையிலான உறவு, உயிர் இல்லாமல் உறவு ஏது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். இது கருத்துதான், தீர்ப்பு இல்லை. பரீட்சையில் இப்படிக் கேட்க மாட்டார்கள், ஆனால் வியாபார வகுப்பில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும்.

அங்கே வந்துவிட்டோம். ஆளுக்கேற்ற இடம் என்ற உருவகப் பொருள் ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. சந்தைப்படுத்தல் பேச்சில் அது கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியது 1980களில். பெரிய கம்பனிகள் கவனிக்காத, தனித்தேவை உள்ள ஒரு வாடிக்கையாளர் கூட்டம், அவர்களுக்கென்றே செய்த பொருள், இதுதான் அங்கே நிச். பெரிய கம்பனிகளோடு ஒப்பிட்டுப் பேசியதால்தான் ‘சிறியது’ என்ற நிழல் சொல்லின் மேல் விழுந்தது. இன்று ஆங்கிலத்தில் அதைப் பெயரடையாகவும் போட்டு, ஒரு படத்தையோ இசையையோ ‘ரொம்ப நிச்’ என்கிறார்கள், சிலருக்கு மட்டுமே பிடிக்கும் என்ற பொருளில். அந்த வழக்கு நிலைத்துவிட்டது, அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவே முழுப்பொருள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் கேட்பவர் நம் தங்கை போலப் பயப்படத்தான் செய்வார்.

காகத்தைப் பாருங்கள். கொழும்பில் அது தின்னாதது எது? காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடைத் துண்டு, சந்தையில் மீன் கழிவு, செத்த எலி, நாம் மதிலில் வைக்கும் சோறு. அதற்கும் நிச் இருக்கிறது, மிக அகலமான நிச். சூழலியலாளர் நிச்சின் அகலம் என்றே தனியாக அளக்கிறார்கள். குறுகிய நிச் உள்ளவை சிறப்புவகை, அகன்றது உள்ளவை பொதுவகை. ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று இல்லை. சூழல் மாறாதிருக்கும் காலத்தில் சிறப்புவகை நன்றாக வாழும். சூழல் குலைந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

கொழும்பு வியாபாரமும் இப்படி இரண்டு விதமாகவும் நடக்கிறது. புறக்கோட்டைப் பக்கம் நடந்தால் தெருவுக்குத் தெரு சரக்கு மாறும். செட்டியார் தெருவில் தங்கம், காபோஸ் லேனில் மூலிகை மருந்து, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், தள்ளிப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம். கோஸின் கொள்கையை மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர் இங்கே நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம்: ஒரே வளத்துக்குப் போட்டி போட்டால் ஒருவர் ஒழிய வேண்டும் என்றால் செட்டியார் தெருவில் இத்தனை நகைக்கடை எப்படி அடுத்தடுத்து நிற்கிறது? அங்கேதான் உயிரியலை வியாபாரத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. குழாயில் உணவு மட்டாக இருந்தது. தெருவில் கடைகள் சேர்ந்து நிற்பதே ஊரெல்லாம் இருந்து ஆட்களை வரவைக்கிறது. தாலி செய்ய வேண்டும் என்றால் யோசிக்காமல் அந்தத் தெருவுக்குத்தானே போகிறோம். உள்ளே போனால் ஒருவர் கலியாண நகைக்கு, ஒருவர் அடகுக்கு, இன்னொருவர் தலைமுறையாக வரும் குடும்பங்களுக்கு என்று மெல்லப் பிரிந்திருப்பார்கள். ஆகவே “போட்டியே இல்லாத காலி நிச்சைத் தேடு” என்று வகுப்பில் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஒருவரும் இல்லாத இடத்தில் வாங்குகிற ஆளும் இல்லாமல் இருக்கலாம்.

இப்போது உங்கள் தையல். நீங்கள் சீருடை, சுடிதார், சாறிச் சட்டை, திரைச்சீலை எல்லாம் தைப்பீர்கள். ஹட்சின்சன் கணக்கில் அது உங்கள் அடிப்படை நிச். காலி வீதியில் வெள்ளவத்தை நெடுக இருக்கும் துணிக்கடைகளில் ஆயத்த சுடிதார் வரிசையாகத் தொங்குகிறது. துணிக்காசும் தையற்கூலியும் சேர்த்து அந்த விலைக்கு நீங்கள் இறங்க முடியாது. அந்தப் பக்கத்தில் போட்டி உங்களை நெருக்கும். நெருக்கப்பட்ட பிறகு மிஞ்சுவது என்ன, அங்கே உங்கள் கைக்கு மட்டும் வருவது என்ன என்பதுதான் “உங்கள் நிச் என்ன” என்ற கேள்வி. இதற்கு எதையும் விடத் தேவையில்லை, பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் வேலை. ஆறு மாதமாக வந்த வேலைகளை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். யார் திரும்பி வந்தார்கள், யார் இன்னொருவரைக் கூட்டி வந்தார்கள், எந்த வேலையில் விலை பேசாமல் காசு தந்தார்கள், எந்தக் காலத்தில் வந்தார்கள். இவைதான் உங்கள் அச்சுகள்.

ஓர் உதாரணம். பரதநாட்டிய உடை தைப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிச் என்றால் என்ன என்று கையில் தொட்டது போல இருக்கும். பிள்ளையை நிற்கவைத்து அளந்தால் மட்டும் போதாது, முழங்காலை விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் இருக்கவைத்தும் அளக்க வேண்டும். முழங்கால் விரியும்போது முன்விசிறி மடிப்பு மடிப்பாக ஒரே சீராகத் திறக்க வேண்டும், எழுந்தால் மூட வேண்டும். முழுதாகக் குந்தும் முழுமண்டிக்குப் போகும்போது தொடைப்பக்கத் தையல் பிரியக்கூடாது. பட்டுச் சேலையின் கரை விசிறி ஓரத்திலும் மேலாக்கிலும் எங்கே விழ வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அரங்கேற்றத்துக்கு என்று பெற்றோர் பார்த்துப் பார்த்து வாங்கிய சேலையை ஒரு தடவைதான் வெட்டலாம். சீருடை மலிவாகத் தைக்கும் இடம் இந்த வேலைக்குள் வர முடியாது. ஆட்கள் விளம்பரம் பார்த்து வருவதில்லை, நடன ஆசிரியை சொல்லி வருவார்கள். விலையும் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆனால் 2020ல் மண்டபங்கள் மூடிக் கிடந்தபோது அரங்கேற்றத்தை மட்டும் நம்பியிருந்த கைக்கு வேலை ஏது? சீருடையும் திரைச்சீலையும் கூடவே தைத்த கைக்கு அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு வழி இருந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: நாலு பேரிடம் எதற்காக அறியப்பட வேண்டும் என்பதைத் தெரிந்தெடுங்கள். மற்ற வேலைகளை வாசலில் வைத்தே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. எந்த அளவுக்கு ஒன்றில் சாயலாம் என்பது உங்கள் வீட்டுச் செலவையும் கையிருப்பையும் பொறுத்தது. அதை வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது.

தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி மிச்சம். எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடாதீர்கள். சுவரில் என்றால் மாடம், மாடக்குழி. கோயிலில் கோட்டம். மருத்துவத்தில், புதிய கலங்களை உருவாக்கும் குருத்தணுக்களைச் சூழ்ந்து அவற்றைக் காக்கும் நுண்சூழலையும் 1978லிருந்து நிச் என்கிறார்கள், அங்கே நுண்சூழல் என்றே எழுதலாம். சூழலியலில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செயல் வாழிடம் என்று எழுதுகின்றன. நல்ல சொல்தான், இடத்தோடு செயலையும் சேர்க்கிறது. மனிதரைப் பற்றி என்றால் ‘அவருக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டார்’ என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம், அதைவிட நன்றாக ஆங்கிலமும் சொல்லாது. வியாபார விளம்பரத்தை மொழிபெயர்க்கும்போது நான் பெரும்பாலும் அந்தச் சொல்லையே வைப்பதில்லை, யாருக்கு என்று நேராக எழுதிவிடுவேன். ‘நிச் வாடிக்கையாளருக்கான தையற்கலை’ என்பதைவிட ‘நடனம் பயிலும் பிள்ளைகளுக்கான உடைகள்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஒரு தாய் சட்டென்று நிற்பார். வகுப்பிலும் சக தொழில்காரரிடமும் கதைக்கும்போது நிச் என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

தம்பிக்கு இரண்டு வார்த்தை. வாழிடத்துக்கும் நிச்சுக்கும் வேறுபாடு கேட்டால் ‘விலாசம், தொழில்’ என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், உணவு, நேரம், தாங்கும் எல்லைகள், போட்டி ஆகியவற்றைத் தொட்டு ஓர் உதாரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். மீன்கொத்திகளை எழுதினால் நல்லது, புத்தகத்தில் இருக்கும் உதாரணத்தையே எல்லோரும் எழுதுவார்கள். கலைச்சொல்லை மட்டும் அவனுடைய பாடசாலைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும். தமிழ்நாட்டு நூல்களில் படித்த சொல்லையும் இங்கே உள்ள சொல்லையும் ஒரே விடையில் கலந்தால் திருத்துகிறவர் அவற்றை வெவ்வேறு விஷயம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.